ரசிகர் புனைகதைக்குக் காசு வாங்கலாமா?

பிடித்த நாவலின் பாத்திரங்களை வைத்துத் தொடர்கதை எழுதினால் காசு வாங்கலாமா என்று பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வாங்க வேண்டும் என்பதே என் கட்சி. ஒயிட்ஃபீல்டில் வேலை முடித்து, மெட்ரோவில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனில் அத்தியாயம் தட்டுகிறவரின் உழைப்பும் உழைப்புதான்.

ஆனால் பாத்திரம் யாருடையது? நம் பதிப்புரிமைச் சட்டம் (1957) கதையைத் தழுவி எழுதும் உரிமையை மூல ஆசிரியருக்கே தருகிறது. அவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் அது வாரிசுகளிடம் இருக்கும். அனுமதியில்லாமல் விற்றால் வழக்கு வரலாம். இலவசமாகப் போட்டாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது, சும்மா விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான்.

கல்கி விஷயம் வேறு. அவர் 1954இல் மறைந்தார், எழுத்தெல்லாம் இன்று பொதுச்சொத்து. வந்தியத்தேவனை வைத்துத் தாராளமாக எழுதி விற்கலாம். ஒன்று மட்டும்: மணிரத்னம் படத்துக்கென்று புதிதாக எழுதிய காட்சியையும் வசனத்தையும் தொடாதீர்கள், அவற்றுக்குத் தனி உரிமை உண்டு.

மூல ஆசிரியர் உயிரோடு இருக்கிறாரா? நேராகக் கேளுங்கள், வருமானத்தில் பங்கு தருவதாகவும் சொல்லுங்கள். மறுத்துவிட்டால் பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றுவது போதாது. கதைப்போக்கையும் உங்களுடையதாக ஆக்குங்கள், அப்புறம் விலை வையுங்கள்.