வெறும் புதர்தானே?

கேள்வி: மருக்கொழுந்துக்குச் சொந்தக்காரச் செடி அமெரிக்காவில் லட்சக்கணக்கான ஏக்கரில் எரிகிறதாமே? வெறும் புதர்தானே, திரும்ப முளைத்துவிடாதா?
- வாசகி, தேனி

பதில்: சொந்தம் சரிதான், இரண்டும் ஆர்ட்டிமீசியா இனம். ஆனால் முளைக்காது. நெவாடா, ஐடஹோ பக்கம் பரவிக் கிடக்கிற பெரிய சேஜ்பிரஷ் என்கிற அந்தப் புதர் தீப்பட்டால் அதோடு செத்தது, சீமைக்கருவேலம் மாதிரி அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கிற வேலையெல்லாம் அதற்குத் தெரியாது. விதையிலிருந்துதான் வரவேண்டும், அந்த விதையும் தாய்ச்செடியின் காலடியிலேயே விழுகிற ரகம், மண்ணில் ஓரிரு வருஷத்துக்கு மேல் தாங்குவதும் அபூர்வம். 2018-ல் நெவாடாவில் மார்ட்டின் தீ ஒன்றே 4 லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றது. அதன் நடுவில் விதை போட யார் இருக்கிறார்கள்?

அந்தக் காலி இடத்தில் சீட்கிராஸ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்த புல். மற்றதெல்லாம் முழிப்பதற்குள் முளைத்து, கோடை தொடங்கும்போதே காய்ந்து, அடுத்த தீக்குச் சருகாகக் காத்திருக்கும். வெயில் கூடக்கூட இதற்குக் கொண்டாட்டம். எரிந்த பிறகு விதை தூவுவதைவிட, இன்னும் நன்றாக இருக்கிற இடத்துக்குள் இந்தப் புல்லை நுழைய விடாமல் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

கேள்வி: அங்கே மாடு மேய்த்துப் பிழைக்கிற ஜனங்கள் என்ன செய்கிறார்கள்?
- வாசகர், திருப்பூர்

பதில்: தீயணைப்பு வண்டி வந்து சேரவே நேரமாகும் ஊர்கள் அவை. அதனால் ஒரிகன், ஐடஹோவில் பண்ணைக்காரர்களே சங்கம் வைத்து, பயிற்சி எடுத்து முதல் ஆளாகப் போய் அணைக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது கொலராடோவின் கன்னிசன் பக்கம் நடக்கிற வேலை. பனி சீக்கிரமே உருகி ஓடிவிடுவதால், புதர்க்காட்டுக்கு நடுவே இருக்கும் ஈரப் புல்வெளிகள் அரித்துக் காய்கின்றன; இந்தப் புதரை நம்பி வாழ்கிற சேஜ் கோழி என்ற காட்டுப் பறவையின் குஞ்சுகளுக்குப் பூச்சி கிடைப்பதும் அங்கேதான், கோடையில் மாட்டுக்குப் பச்சை கிடைப்பதும் அங்கேதான். பில் ஸீடைக் என்ற ஓய்வுபெற்ற வனத்துறைக்காரர் காட்டிய வழியில், 2012-லிருந்து பண்ணைக்காரர்களும் தன்னார்வலர்களும் ஓடைக்குள் கையாலேயே கல் பரப்புகிறார்கள். தண்ணீர் நின்று நிதானமாகப் போகிறது, வண்டல் தங்குகிறது, கோரை திரும்ப வருகிறது. சிமென்ட் கிடையாது. உயரம்? ஒரே ஒரு கல். சரி, இன்னும் இரண்டு அடுக்கு ஏற்றினால் கூடுதலாகத் தண்ணீர் நிற்குமே என்று நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் அடியைப் பறித்துக் கல்லையே உருட்டிக்கொண்டு போய்விடுமாம்.