ஒரு இடத்தைத் தொட்டால் இன்னொரு இடம் ஏன் உடைகிறது? நீலகிரி நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே சிக்கலைத்தான் சுற்றி வருகின்றன: புரோகிராமின் ஒரு பகுதி இன்னொன்றை நம்பி நிற்பது, ஒன்றின் வேலையில் மற்றொன்று குறுக்கிடுவது.

கோத்தகிரியிலிருந்து: அண்ணா, பசுந்தேயிலை எடை போடும் இடத்துக்கு ஒரு புரோகிராம் எழுதினேன். மழை நாளில் ஈரத்துக்காகக் கழிப்பதை 5 சதவீதத்திலிருந்து 8 ஆக்கினேன். அன்றிலிருந்து முன்பணம் பிடிக்கும் கணக்கும் தப்பாக வருகிறது.

நீங்கள் அனுப்பிய நிரலில் ‘கழிவு’ என்று ஒரே ஒரு குளோபல் வேரியபிள்தான், அதாவது எல்லாப் பகுதிகளும் படிக்கவும் மாற்றவும் கூடிய பொது மதிப்புதான், இருக்கிறது தம்பி. எடைக் கணக்கு ஈரத்தின் சதவீதத்தை அதில் வைக்கிறது. முன்பணக் கணக்கும் எவ்வளவு பிடிப்பது என்பதை அதிலிருந்தே எடுக்கிறது. இரண்டும் 5 ஆக இருந்தவரை வெளியே தெரியவில்லை. 8 ஆனதும், 4,000 ரூபாய்க்கு 200 பிடிக்க வேண்டிய இடத்தில் 320 பிடித்துவிட்டது. சிறு விவசாயியின் பணம் அது, இன்றைக்கே சரிசெய்யுங்கள்.

இரண்டு பெயர் வைப்பது பாதித் தீர்வுதான். ஒவ்வொரு கணக்கையும் ஒரு ஃபங்ஷனாக, அதாவது தனி நிரல் துண்டாக எழுதுங்கள். அதற்குத் தேவையான மதிப்புகளை அழைக்கும்போதே ஆர்கியுமென்ட்டாகக் கொடுத்து, விடையை ரிட்டர்னாகத் திரும்ப வாங்குங்கள். அதன் முதல் வரியைப் பார்த்தாலே எதை நம்பி நிற்கிறது என்பது தெரிந்துவிடும். பழைய நிரலில் எங்கே தொடங்குவது என்றால், அந்த வேரியபிளை யார் யார் மாற்றுகிறார்கள் என்று தேடுங்கள். பத்து இடத்தில் படித்தாலும் சமாளிக்கலாம், இரண்டு இடத்தில் மாற்றினாலே தொல்லை.

குன்னூர் கல்லூரி மாணவி: எங்கள் புராஜெக்டைப் பன்னிரண்டு ஃபைல்களாகப் பிரித்துவிட்டோம் சார். மாட்யூல்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் வேலை முடிந்ததுதானே?

இல்லையம்மா. 1972-இல் டேவிட் பார்னஸ் என்ற கணினி ஆய்வாளர் ஒரே புரோகிராமை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். வரிகளை வாங்கி, சுழற்றி, அகரவரிசையில் அடுக்கித் தரும் சின்ன புரோகிராம் அது. வேலையின் வரிசைப்படி பிரித்தபோது, வரிகளைச் சேமிக்கும் முறையை மாற்றினால் எல்லா மாட்யூலையும் தொட வேண்டியிருந்தது. பின்னால் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு மாட்யூலுக்குள் மறைத்தபோது, அந்த ஒன்றைத் தொட்டால் போதும். உங்கள் பன்னிரண்டு ஃபைலும் டேட்டாபேஸில் உள்ள ஒரே டேபிளின் பத்திப் (column) பெயர்களைத் தெரிந்துவைத்திருந்தால், அது இன்னும் ஒரே ஃபைல்தான்.

ஊட்டியில் ஹோம்ஸ்டே நடத்துபவரின் மகன்: மே மாத சீசனில் ஒரே அறை இரண்டு பேருக்குப் புக் ஆகிறது. நான் சோதித்தால் ஒழுங்காக இருக்கிறது!

தனியாகச் சோதித்தால் ஒழுங்காகத்தான் இருக்கும். முதல் ஆள் ‘காலியா?’ என்று கேட்கிறார், காலி. அவர் பெயரை எழுதுவதற்குள் இரண்டாம் ஆளும் கேட்கிறார், அவருக்கும் காலி. இருவர் பெயரும் ஏறிவிடுகிறது. ஓர் அறையின் ஓர் இரவுக்கு டேபிளில் ஒரு பதிவு என்று வைத்து, அதே அறை எண்ணும் அதே தேதியும் சேர்ந்து இரண்டாம் முறை வரக்கூடாது என்று டேட்டாபேஸிலேயே யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். நிரல் மறந்தாலும் டேட்டாபேஸ் தடுக்கும்.

இந்த வகைப் பிழையைச் சின்னதாக நினைக்காதீர்கள். தெராக்-25 கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு கொடுத்தது. சிலர் இறந்தே போனார்கள். அந்த விபத்துகளில் சில, ஆபரேட்டர் வேகமாகத் திருத்தியதை இயந்திரத்தைத் தயார்செய்யும் பகுதி கவனிக்காமல் விட்டதால் நடந்தவை. முந்தைய மாடலில் இருந்த வன்பொருள் தடுப்பை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பியிருந்தார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

கூடலூரிலிருந்து: அடுத்தவர் எழுதிவைத்த லைப்ரரிகளை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் எந்தப் பதிப்பு என்பதைக் குறித்து, தானாக மாறாதபடி பூட்டிவையுங்கள். அது மட்டும் போதாது. 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்-பேட்’ என்ற 11 வரித் தொகுப்பை எழுதியவர், ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை எல்லோரும் இறக்கிக்கொள்ளும் என்பிஎம் தளத்திலிருந்து அதை எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்ததால் உலகம் முழுக்கப் பல புராஜெக்ட்டுகளின் பில்ட், அதாவது நிரலை ஓடும் வடிவில் தயாரிக்கும் வேலை, நின்றது. மண்சரிவில் இன்டர்நெட் கேபிள் அறுந்தால் இங்கே நமக்கும் அதே கதிதான். ஒரு நகலைக் கையில் வையுங்கள்.

ஊட்டி நண்பரே மீண்டும்: ஒருவர் வேலை முடியும்வரை அடுத்தவரை நிறுத்திவைக்கும் லாக்கை எல்லா இடத்திலும் போட்டுவிட்டால்?

அப்புறம் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு ஃபங்ஷனும் நின்றுவிடும். ஒன்று அறையைப் பிடித்துக்கொண்டு பணத்துக்குக் காத்திருக்கும், மற்றது பணத்தைப் பிடித்துக்கொண்டு அறைக்கு. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுவதுபோல, இங்கேயும் முன்கூட்டியே ஒரு முறை வேண்டும்: எல்லா ஃபங்ஷனும் முதலில் அறை லாக்கை, பிறகு பண லாக்கை எடுக்கட்டும். புக்கிங்கை ரத்துசெய்யும் ஃபங்ஷனை மறக்காமல் பாருங்கள். பணத்தைத் திருப்புவதில் தொடங்குவதால், வரிசையை மாற்றுவது பெரும்பாலும் அதுதான்.