.458 வின்செஸ்டர் மேக்னம்: கிரிம்ப் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். இது பலமாகப் பின்னுதைக்கும் வேட்டைத் துப்பாக்கித் தோட்டா; கிரிம்ப் என்பது கேஸின் (பித்தளைக் கூட்டின்) வாயை உள்நோக்கி அழுத்திக் குண்டை இறுக்குவது. டெக்சாஸில் உங்கள் அண்ணன் நிரப்பும் தோட்டாக்களில் குண்டு உள்ளே இறங்குகிறது என்கிறீர்கள். சுடும் ஒவ்வொரு முறையும் பின்னுதைப்பில் மேகசினில் (துப்பாக்கியின் தோட்டா அறையில்) மிச்சமிருப்பவை முன்சுவரில் மோதும். குண்டு உள்ளே போனால் கேஸில் இடம் குறைந்து அழுத்தம் ஏறும், அது ஆபத்து.

ஆனால் கிரிம்பை மட்டும் நம்ப வேண்டாம். குண்டை முதலில் பிடித்து நிறுத்துவது கேஸ் வாயின் இறுக்கம்தான். நிரப்பும்போது வாயை விரிக்கும் எக்ஸ்பாண்டர் என்ற கருவி அதை அதிகம் விரிக்கிறது என்றே சந்தேகிக்கிறேன்.

அவர் இப்படிப் பார்க்கட்டும்: இரண்டு தோட்டாக்களின் மொத்த நீளத்தை வெர்னியரில் அளந்து மேகசினில் வைத்து, சேம்பரில் (குழலின் பின்முனையில் சுடத் தயாராக) உள்ள மூன்றாவதைச் சுட்டுவிட்டு மறுபடி அளக்க வேண்டும். நீளம் குறைந்திருந்தால் பிடி போதவில்லை.

கேஸ்களை ஒரே நீளத்துக்கு வெட்டியிருக்கிறாரா? இல்லையென்றால் ஒன்றில் கிரிம்ப் நசுக்கும், இன்னொன்றில் தொடவே தொடாது. குண்டில் கிரிம்புக்கான பள்ளம் இல்லாவிட்டால் ரோல் கிரிம்ப் (வாயின் விளிம்பை உள்ளே சுருட்டுவது) போடக் கூடாது. அப்புறம், கிரிம்பை மாற்றினால் அழுத்தமும் மாறலாம். தோட்டா நிரப்பும் கையேட்டின் தொடக்க அளவிலிருந்தே வெடிமருந்தை மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்து வர வேண்டும்.

நீங்கள் பெங்களூரில் இதை முயலவே வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.