பிப்ரவரியில் செரங்கெட்டி: மாரா ஆற்றை விட்டுடுங்க

பிப்ரவரியில தான்சானியாவோட செரங்கெட்டியில ஐந்து இரவு, வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கிற பெரிய மான் இனம்) மந்தை மாரா ஆற்றைக் கடக்கிறதும் மசாய் பழங்குடி கிராமமும் பார்க்கணும்னு கேட்டிருக்கீங்க. ஆறு கடக்கிறது பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் வரைதான். பிப்ரவரியில மந்தை தெற்கே இன்டுட்டு புல்வெளியில கன்று ஈனும். ஈரம் காயாத கன்று சில நிமிஷத்துல தள்ளாடி எழுந்து தாயோட ஓடும். சிவிங்கிப்புலி பக்கத்துலயே காத்திருக்கும். ஆற்றைவிட இதுவே மேல்னு சொல்வேன். மூணு இரவு அங்கேயே வையுங்க.

மீதி ரெண்டு இங்கோரங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்கு. பள்ளத்தின் விளிம்பு சுமார் 2,300 மீட்டர் உயரம், விடியற்காலை நடுக்கும், ஸ்வெட்டர் கட்டாயம். மசாய் கிராமத்துல கட்டணத்தை முதல்லயே பேசிடுங்க, கேட்டுட்டுப் படம் எடுங்க.

கருநீலம், கறுப்பு உடை வேண்டாம், கடிக்கிற செட்சி ஈ தேடி வரும். சிறு விமானத்துல வழக்கமா 15 கிலோதான், அதுவும் மடங்கக்கூடிய துணிப்பை, சக்கரப்பெட்டி ஏத்தமாட்டாங்க. கென்யாவுல தங்கிட்டு தான்சானியா வந்தா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேணும். ஊசி போட்ட 10ஆம் நாள்லேருந்துதான் அது செல்லும்.