பாதீட்டில் சொன்ன காசு எங்கள் வீதிக்கு ஏன் வரவில்லை?

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர் கேட்டிருக்கிறார்: "2025 பாதீட்டில் வடக்கு வீதிகளுக்குக் கோடிக்கணக்கில் ஒதுக்கினார்கள். எங்கள் வீதி அப்படியேதான் கிடக்கிறது. காசு எங்கே போனது, யாரைக் கேட்பது?"

முதலில் அந்த வீதி யாருடையது என்று பாருங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, உள் ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபைக்கு. மூன்றுக்கும் காசு வரும் வழி வேறு. பிரதேச சபை வீதிக்காக அமைச்சருக்கு மகஜர் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் சங்கங்கள் நிறைய உண்டு.

சரி, காசு விஷயம். நாடாளுமன்றம் ஒதுக்குவது செலவழிக்கலாம் என்ற அனுமதி மட்டும்தான். கையில் காசு வருவது திறைசேரி விடுவிக்கும்போதுதான், அதுவும் அரசின் வருமானத்தைப் பார்த்துப் பகுதி பகுதியாக. 2025 பாதீட்டையே எடுங்கள். முந்தைய ஆண்டின் பிற்பகுதியில் தேர்தல்கள் நடந்ததால் அது பெப்ரவரி 17 இல்தான் வாசிக்கப்பட்டது, நிறைவேறியது மார்ச் மாதத்தில். அதற்குப் பிறகுதான் மதிப்பீடு, கேள்விப்பத்திரம், ஒப்பந்தம் எல்லாம். இவை முடிந்து கொந்தராத்துக்காரர் கல்லும் மண்ணும் பறிக்கிற நேரம் ஒக்டோபர் ஆகிவிட்டால், வடக்கில் மாரி தொடங்கிவிடும், தார் போட முடியாது. டிசம்பர் 31 உடன் அந்த அனுமதி காலாவதி. மேடைகளில் "காசு திரும்பிப் போய்விட்டது" என்று திட்டுகிறார்களே, பல நேரங்களில் நடப்பது இதுதான், அந்தக் காசு கொழும்பை விட்டுப் புறப்பட்டே இருக்காது. அரைகுறையில் நின்ற வேலையின் பாக்கி அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் முதலில் கை வைக்கும், அதனால் புதிய வீதிக்கு மிஞ்சுவது இன்னும் குறைவு.

திறைசேரி ஏன் இறுக்கிப் பிடிக்கிறது? 2021 இல் அரச வருமானத்தில் 70 வீதத்துக்கு மேல் வட்டிக்கே போனது, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம். 2024 இன் பொது நிதி முகாமைத்துவச் சட்டம் வட்டி தவிர்ந்த செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 வீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்ட முடியாது, ஆகவே வெட்டு விழுவது வீதி, குளம், பாலம் மீதுதான். 2009 க்குப் பிறகு ஏ9 வீதியும் யாழ்ப்பாண ரயில் பாதையும் எழும்பியது வெளிநாட்டுக் கடனில். உங்கள் ஒழுங்கைக்குக் கடன் தர யாரும் வரமாட்டார்கள்.

அறிவிப்பில் வேலையின் பெயர் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியன் என்று பெயரோடு வந்தது, அதைப் பின்தொடரலாம். "வடக்கின் கிராமிய வீதிகள்" என்று பொதுவாக வந்தால், எந்த வீதி என்பதைப் பிறகுதான் யாரோ தீர்மானிக்கிறார்கள். நீங்கள் இருக்கவேண்டிய இடம் அதுதான்: பிரதேச, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக்கள். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு தேர்தலே இல்லை, மாகாண நிர்வாகம் ஆளுநரின் கீழ், எனவே இந்தக் கூட்டங்களுக்கு இப்போது கனதி அதிகம். அடுத்த ஆண்டுக்கான முன்மொழிவுகள் ஆண்டின் நடுப்பகுதியிலேயே சேர்க்கப்படும். நவம்பரில் போய் நின்றால் பேப்பரில் போட ஒரு படம்தான் மிஞ்சும்.

யாரைக் கேட்பது என்றால், வீதிக்குப் பொறுப்பான அலுவலகத்தின் தகவல் அலுவலரை. 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தமிழிலேயே எழுதலாம், 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். "ஏன் வீதி போடவில்லை" என்று கேட்டால் கதைதான் வரும். இப்படிக் கேளுங்கள்: இந்த வீதி 2025 வேலைத்திட்டத்தில் இருந்ததா, ஒதுக்கீடு எவ்வளவு, திறைசேரி விடுவித்தது எவ்வளவு, எந்தத் திகதியில், டிசம்பர் 31 இல் கொடுபடாமல் நின்ற பில்கள் எவ்வளவு. பதில் வராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.