டொயோட்டாவின் 'இருப்பு வைக்காத' முறை சிப் தட்டுப்பாட்டோடு காலாவதியாகிவிட்டதா?

இல்லை. பாகங்களைக் குவித்து வைக்காமல் தேவைப்படும் நேரத்தில் மட்டும் வரவழைப்பதுதான் அந்த முறை. கார் பாகங்கள் கொள்முதல் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் திருப்பிக் கேட்கிறேன்: எந்தப் பாகத்துக்கு?

இருக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். இடத்தை அடைக்கும், நிறம், துணி, மாடல் என்று ஏகப்பட்ட வகை. அதைக் கிடங்கில் குவிப்பது பணத்தைப் பூட்டிவைப்பதுதான். ஆகவே இருக்கை தயாரிப்பவர் பெரும்பாலும் ஆலைக்குப் பக்கத்திலேயே இருப்பார். கார்களைப் பூட்டும் லைனில் கார்கள் வரும் அதே வரிசையில் இருக்கைகள் லாரியில் வந்து இறங்கும். சிப் விரல் நகத்தளவுதான். ஆனால் ஆர்டர் கொடுத்துக் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். இரண்டையும் ஒரே தராசில் வைத்தவர்கள்தான் அடிபட்டார்கள். 2020இல் விற்பனை விழுந்ததும் பல கார் நிறுவனங்கள் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. காலியான இடத்தைக் கணினி, கைபேசித் தயாரிப்பாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். கார் விற்பனை மீண்டபோது சிப் கிடைக்கவில்லை.

டொயோட்டாவோ 2011 ஜப்பான் நிலநடுக்கத்தில் சிப் தயாரிப்பாளர் ரெனேசாஸின் நாக்கா ஆலை முடங்கியபோதே பாடம் படித்திருந்தது. நீண்ட நாள் எடுக்கும் சிப்புகளைச் சில மாதங்களுக்கு இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் சொல்லிவிட்டது. தன் முறையையே மீறியதாக இதைச் சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தப் பாகம் எவ்வளவு நாளில் மீண்டு வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கும் ஓர் எல்லை இருந்தது: 2021 செப்டம்பரில் டொயோட்டாவும் உற்பத்தியைச் சுமார் 40 சதவீதம் குறைத்தது.

1997 பிப்ரவரி 1 அன்று டொயோட்டாவுக்குப் பாகங்கள் தரும் ஐசின் நிறுவனத்தின் கரியா ஆலை எரிந்ததையும் சொல்ல வேண்டும். டொயோட்டாவின் பிரேக் வால்வு ஒன்று கிட்டத்தட்ட முழுவதும் அங்கிருந்துதான் வந்தது. கையிருப்போ மிகச் சொற்பம். ஜப்பானில் டொயோட்டாவின் லைன்கள் பெரும்பாலும் நின்றன. சில நாட்களிலேயே பல நிறுவனங்கள், தையல் இயந்திரம் செய்யும் பிரதர் உட்பட, அந்த வால்வைக் கடைந்து அனுப்பத் தொடங்கின. கிடங்கு காப்பாற்றவில்லை, உறவு காப்பாற்றியது.

இனி என் கதை. ஒரு பிளாஸ்டிக் கிளிப்பை இரண்டு சப்ளையர்களிடம் வாங்கினோம். இரண்டாமவருக்கு நான்கு ஆண்டுகள் கூடுதல் விலை, பாதுகாப்புக்காக. ஒரு காலை இருவரும் அடுத்தடுத்துத் தொலைபேசியில் அழைத்தார்கள், ஒரே செய்தியோடு: மூலப்பொருள் வரவில்லை. இருவருக்கும் மூலப்பொருளான பிளாஸ்டிக் குருணை வந்தது ஒரே ஆலையிலிருந்து! லைன் இரண்டு ஷிப்டுகள் நின்றது.

அதன்பிறகு, 'உங்களுக்கு யார் தருகிறார்கள்?' என்று எல்லாரிடமும் கேட்கத் தொடங்கினேன். பலர் சொல்ல மறுத்தார்கள். சொன்னால் நாங்கள் அவர்களைத் தாண்டி நேரே அங்கே போய் விலை பேசுவோம் என்ற பயம். அந்தப் பயம் வீண் பயம் அல்ல; அதற்கு முன் இரண்டு முறை நாங்கள் அப்படித்தான் செய்திருந்தோம்.