"படம் எடுக்க வந்தியா, மீன் வாங்க வந்தியா?"

அன்புள்ள அண்ணனுக்கு,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். வயது 34. போன மாதம் நாலு நாள் லீவு போட்டு, தனியாக உங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்தேன். சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, முட்டம் என்று லிஸ்ட் போட்டு ஒன்று விடாமல் பார்த்தேன். எல்லாமே அழகுதான். ஆனால் ரயிலில் திரும்பும்போது எங்கேயுமே போகாமல் வந்ததுபோல இருந்தது. முட்டத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவைப் படம் எடுக்கப் போனேன். "படம் எடுக்க வந்தியா மக்ளே, மீன் வாங்க வந்தியா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டு வந்துவிட்டேன். ஒரு ஊரின் மக்களோடு கலந்து, அவர்கள் வாழ்க்கைக்குள் போய்ப் பயணம் செய்வது என்கிறார்களே, அது வெளியூர்க்காரனுக்கு உண்மையிலேயே முடியுமா? இல்லை, அதுவும் ஒரு நடிப்புதானா? அடுத்த தடவை வந்தால் நான் என்ன செய்யட்டும்?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாமல் வந்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அதுதான். அவர் உங்களை விரட்டவில்லை. 'என்னவாக வந்திருக்கிறாய்' என்றுதான் கேட்டார். அரை கிலோ சாளை மீன் வாங்கியிருந்தால் போதும். லாட்ஜில் தங்கியிருப்பவன் மீனை வைத்து என்ன செய்வது என்று நீங்கள் திருப்பிக் கேட்டிருந்தால், அவரே எந்தக் கடையில் பொரித்துக் கொடுப்பார்கள் என்று வழி சொல்லியிருப்பார். அந்தக் கடையில் போய் உட்கார்ந்தால், பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளிதான்) பிசைந்து தின்றுகொண்டிருப்பவர் எந்த ஊரு என்று கேட்டிருப்பார். எங்கள் பக்கத்தில் பேச்சு அப்படித்தான் தொடங்கும்.

உங்கள் லிஸ்டில் இருக்கும் இரண்டு இடங்களில், திற்பரப்பிலும் பத்மநாபபுரத்திலும், நானும் நின்றிருக்கிறேன், ஆனால் முற்றிலும் வேறு மாதிரி. அதைச் சொன்னால் உங்கள் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைக்கும்.

மாசி மாதம் சிவராத்திரிக்கு இங்கே சிவாலய ஓட்டம் உண்டு. முஞ்சிறைக்குப் பக்கத்தில் இருக்கும் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலத்தில் முடியும். பன்னிரண்டு சிவன் கோயில், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஒரு சாயங்காலம் கிளம்பினால் அந்த இரவும் மறுநாளும் ஓட்டமும் நடையும்தான். ஒவ்வொரு கோயிலிலும் குளித்து, ஈர வேட்டியோடு சாமிக்குப் பனையோலை விசிறியால் வீசிவிட்டு அடுத்த கோயிலுக்குப் போக வேண்டும். ஓடுவது சிவனைப் பார்க்க, கூப்பிடுவதோ 'கோவிந்தா, கோபாலா' என்று. சிவனைத் தவிர வேறு பெயரே காதில் விழக்கூடாது என்றிருந்த, பாதி மனிதனும் பாதி மிருகமுமான புருஷாமிருகம் பீமனைத் துரத்தியதாகவும், பீமன் கோவிந்தா கோபாலா என்று கூவிக்கொண்டே ஓடி, அது நெருங்கும்போதெல்லாம் கண்ணன் கொடுத்த ருத்திராட்சங்களில் ஒன்றைக் கீழே போட, அது லிங்கமாகிவிட, புருஷாமிருகம் பூஜைக்கு நின்றுவிட்டதாகவும் கதை. பன்னிரண்டு ருத்திராட்சம், பன்னிரண்டு கோயில்.

நான் இந்த மாவட்டத்தில் பிறந்தவன். ஆனாலும் 27 வயது வரை அந்த ஓட்டத்தை ரோட்டோரம் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. அந்த வருஷம் என் மாமாவுக்கு முட்டி போய்விட்டது. ரப்பர் பால் வெட்டுகிறவர், 19 வருஷம் விடாமல் ஓடியவர். நேர்ச்சை, அதாவது வேண்டுதல், முடங்கிவிடுமே என்று விசிறியை என் கையில் கொடுத்தார். எனக்குப் பெரிய பக்தியெல்லாம் அப்போது கிடையாது. அவர் கேட்டார், போனேன்.

நள்ளிரவுக்குப் பிறகு திற்பரப்பு. நீங்கள் படம் எடுத்த அதே அருவி, அதே ஆறு. அருவிக்குப் பக்கத்திலேயே மகாதேவர் கோயில் இருக்கிறதே, உள்ளே போனீர்களா? எங்களுக்கு அன்று அருவி கண்ணில் படவே இல்லை, சத்தம் மட்டும்தான். தண்ணீரில் இறங்கியதும் பல் கிட்டித்துவிட்டது. ஈர வேட்டியோடு ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே திருநந்திக்கரை நோக்கிப் போகும்போது, தொடை இரண்டும் உரசி உரசித் தோல் கழன்று எரிய ஆரம்பித்தது. ஒரு வீட்டு வாசலில் அண்டா நிறையச் சுக்குக்காப்பி வைத்துக்கொண்டு வயதான அம்மா ஒருவர் போகிற எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் காலை அகட்டி நடப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு சிரட்டையில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார். "தேச்சிட்டுப் போ மக்ளே, வெக்கப்படாத. எம் மவனும் இப்படித்தான் ஓடுனான்." மகன் இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை. அந்தச் சிரட்டையில் ஒரு ஓரம் உடைந்திருந்தது, எண்ணெயில் ஒரு எறும்பு மிதந்தது. இவ்வளவு வருஷம் கழித்தும் எனக்கு அது அப்படியே தெரிகிறது.

மறுநாள் கல்குளம். நீலகண்டசாமி கோயில் பத்மநாபபுரத்திலேயே, அரண்மனைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அரண்மனையை நான் அதற்கு முன் நாலைந்து தடவை டிக்கெட் எடுத்துப் பார்த்திருக்கிறேன். கறுத்துப் பளபளக்கும் தரை, மரவேலை, எல்லாம் பிடிக்கும். அன்று அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கோட்டைத் தெரு நடந்து தீர்க்க எவ்வளவு நீளம் என்று என் கால் அன்றுதான் தெரிந்துகொண்டது.

நடிப்பா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. காசு வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் பானை வனைய விட்டு, முண்டு கட்டிவிட்டுப் படம் எடுத்து அனுப்பும் ஏற்பாடுகள் இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டன. அவை எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே அந்த ஊருக்கு உங்களிடமிருந்து காசைத் தவிர எதுவும் வேண்டாம். என் மாமாவுக்கு என் கால் வேண்டியிருந்தது. முட்டத்து அம்மாவுக்குக் கூடையில் இருக்கும் மீன் விற்றாக வேண்டும். அவர்களுக்கு உங்களிடம் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது, நீங்களும் அதைச் செய்கிறீர்கள் என்றால் அதில் நடிப்பு எங்கிருந்து வரும்?

பக்தி இருந்தால்தானா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். சாமிதோப்புக்குப் போங்கள், கன்னியாகுமரிக்குப் பக்கம்தான், உங்கள் லிஸ்டில் அது இல்லாதது எனக்கு வருத்தமாக இருந்தது. அய்யா வைகுண்டர் (1809–1851) இருந்த இடம். முத்திரிக் கிணற்றில் குளித்துவிட்டு, ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் பதி என்கிற அந்த வழிபாட்டுத் தலத்துக்குள் போக வேண்டும். உள்ளே சிலை கிடையாது, கண்ணாடி இருக்கும், முன்னால் விளக்கு. நான் முதல் தடவை போனபோது தலைப்பாகை கட்டத் தெரியாமல் துண்டு அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. ஒரு பெரியவர் வந்து இறுக்கிக் கட்டிவிட்டார். இந்த மண் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்த காலத்தில், தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிக்காரர்கள் தலையில் துண்டு கட்டக்கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. அவர்களைத்தான் அய்யா தலைப்பாகையோடு வரச் சொன்னார், எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் குளிக்கச் சொன்னார். இதெல்லாம் படித்து எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெரியவரின் விரல்கள் என் நெற்றியில் துண்டை அழுத்திப் பிடித்தபோது, அந்த விரல்களின் தாத்தாவுக்குத் தாத்தாவுக்கு இது மறுக்கப்பட்டிருக்கும் என்று சட்டென்று தோன்றியது. கண் கலங்கிவிட்டது. கண்ணாடியில் கண் கலங்கிய என் முகத்தைத்தான் பார்த்தேன்.

எல்லா இடத்துக்குள்ளும் போய்விடலாம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊர் அம்மன் கொடைத் திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவர் முன்னால் போனை நீட்டாதீர்கள். துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, தெரிந்தவர் கூப்பிட்டால் போங்கள், கூப்பிடாவிட்டால் அந்தத் தெருவில் மெதுவாகக் கடந்துபோனால் போதும்.

அடுத்த தடவை வரும்போது கன்னியாகுமரியில் ரூம் போட வேண்டாம். தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ நாலு நாளும் ஒரே இடத்தில் தங்குங்கள். வாடகைக் கார் வேண்டாம், டவுன் பஸ்ஸில் போங்கள். காலையில் ஒரே டீக்கடைக்குப் போங்கள், முதல் நாள் யாரும் பேசமாட்டார்கள், மூன்றாவது நாள் நீங்கள் கேட்காமலே மட்டி வாழைப்பழத்தை எடுத்து முன்னால் வைப்பார்கள். பனைக்காலமாக இருந்தால் அக்கானி எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். பதநீரைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம், அந்தச் சொல்லைச் சொன்னாலே முகம் மலரும். ஒரு நாள் விடிவதற்கு முன்னால் தோவாளை பூச்சந்தைக்குப் போய் நீங்களும் பூ வாங்குங்கள். வாங்கிய பூவை என்ன செய்வது என்ற யோசனையே உங்களை ஏதாவது ஒரு வாசலில் கொண்டுபோய் விடும்.

உங்களால் முடியுமென்றால் சிவராத்திரிக்கு வாருங்கள். இப்போது நிறையப் பேர் பைக்கிலும் வேனிலும் சுற்றுகிறார்கள், அதில் தவறில்லை, உங்களுக்கு மட்டும் நடை என்று சொல்லிவைக்கிறேன். ஒரு வாரம் முன்பே விரதம் தொடங்க வேண்டும், அதனால் தை பிறந்ததும் எழுதுங்கள். மாமாவின் விசிறியைத் தர மாட்டேன், ஓலை பிய்ந்துவிட்டது, உங்களுக்குப் புதிதாக ஒன்று வாங்கி வைக்கிறேன். தேங்காய் எண்ணெய் மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.